அறுபத்தொரு சத்தங்களைச் சேமிக்க அனுமதி கோருதல்

ஓர் ஊருக்கு ரோடு இருக்கிறதோ இல்லையோ, சத்தம் இருந்தே தீரும். அந்தச் சத்தத்தைக் காப்பாற்ற ஓர் ஆபீஸ் வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏரிக்கு ஆபீஸ் இருக்கிறது, மரத்துக்கு ஆபீஸ் இருக்கிறது, சத்தம் மட்டும் என்ன பாவம் செய்தது? ஆகவே பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில், பன்னிரண்டு நாற்காலிகளோடும் ஒரு துணை இயக்குநரோடும், 'மாநகர ஒலி வளக் காப்பு இயக்ககம்' பிறந்தது.

பிறந்த குழந்தைக்கு என்ன வேலை கொடுப்பது என்று சொல்ல சித்தார்த் என்ற ஆலோசகர் வந்தார். கொண்டை போட்ட வாலிபர், காலில் இரண்டு நிறத்தில் சாக்ஸ். திரையில் படம் காட்டி, "ஒவ்வொரு சிட்டிக்கும் ஒரு ஸோனிக் ஐடென்டிட்டி இருக்கு. நாம அத க்யூரேட் பண்ணணும்" என்றார். யாருக்கும் புரியவில்லை. அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

திட்டம் இதுதான். ஊரின் முக்கியமான சத்தங்களைப் பிடித்து ஒரு கீபோர்டில் போட வேண்டும். திறப்பு விழாவன்று பெரிய மனிதர் ஒருவர் கட்டையைத் தொட்டால் சத்தம் வர வேண்டும். ஒரு கட்டைக்கு ஒரு சத்தம். கீபோர்டில் அறுபத்தொரு கட்டைகள் இருந்தபடியால், பெங்களூரில் முக்கியமான சத்தங்கள் அறுபத்தொன்றுதான் என்று நிபுணர் குழு ஏகமனதாகக் கண்டுபிடித்தது.

வேலை பிரிஜெட்டுக்கு வந்தது. லிங்கராஜபுரத்துக்காரி. பூர்வீகம் கோலார் தங்கவயல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பாள், மற்ற நாட்களில் உமேஷ் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பாள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். கீபோர்டும் அவளுடையதுதான். ஆபீஸுக்கென்று ஒன்று வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். அது வந்து சேர்வதற்குள் ஊரில் பாதிச் சத்தம் மறைந்துவிடும் என்று அவசரப்பட்டு, "உங்க பெட்டியையே மூணு நாளைக்குக் கொண்டாங்கம்மா" என்று துணை இயக்குநர் கோவிந்தப்பா கேட்டார். கேட்ட விதம் நன்றாக இருந்தது. நம்பிக் கொண்டுபோனாள்.

சும்மா சொல்லக் கூடாது, மூன்று நாளும் பிரிஜெட் உயிரைக் கொடுத்து உழைத்தாள். மைக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். கீரைக்காரம்மா "சொப்பூ" என்று இழுக்கிற குரல், பஸ் கண்டக்டர் விசில், தண்ணீர் லாரி ரிவர்ஸில் பின்னால் வரும்போது பாடுகிற பாட்டு, போர்வெல் துளைக்கிற சத்தம், குக்கர் விசில், குயில், தெருநாய், ஆட்டோக்காரர் "பரல்லா", அதாவது வரமாட்டேன், என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது, எல்லாம் பிடித்தாள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்காக லிங்கராஜபுரம் மெக்கானிக் ஷெட் ஒன்றில் இரண்டு மணி நேரம் நின்றாள். அது அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பதிவு செய்துவிட்டு நாலு தரம் போட்டுப் போட்டுக் கேட்டாள்.

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரு விஷயம் உண்டு. பிடித்த சத்தம் முதலில் பெட்டியின் தற்காலிக ஞாபகத்தில்தான் உட்காரும். பென்டிரைவைச் சொருகி, 'சேவ்' என்ற பட்டனை அமுக்கினால்தான் நிரந்தரமாகும். அமுக்காமல் கரண்டை அணைத்தால், துடைத்த சிலேட்டு. சேவ் ஆவதற்கு நாற்பது விநாடி பிடிக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பிரிஜெட் பென்டிரைவைக் கையில் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் கண்காணிப்பாளர் யசோதா. எல்லாக் கோப்பும் இவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். "சேவ் பண்ண ஆர்டர் இருக்கா?"

"ரெக்கார்ட் பண்ண ஆர்டர் இருக்குதே மேடம்."

"அது ரெக்கார்ட் பண்ண. இது சேவ் பண்ண. ரெக்கார்ட் பண்றது வேலை, சேவ் பண்றது முடிவு. வேலை யார் வேணா செய்யலாம். முடிவுக்கு அதிகாரம் வேணும்."

பிரிஜெட் சிரித்தாள். யசோதா சிரிக்கவில்லை.

"சரி, அப்ப ஆஃப் பண்ணி எடுத்துக்கினு போறேன். நீங்க ஆர்டர் வந்ததும் கூப்டுங்க, மறுபடி புடிச்சுக்கலாம்."

"ஆஃப் பண்ணா சத்தம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப அது அரசு ஆவணத்த அழிக்கிற குற்றம்."

"இன்னும் சேவே பண்ணல. அது எப்படி ஆவணம் ஆவும்?"

"வெச்சிருக்கற வரைக்கும் ஆவணம் இல்ல. அழிச்சா ஆவணம்," என்றார் யசோதா பொறுமையாக. புரியாதவர்களுக்குப் புரியவைப்பதில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

விஷயம் கோவிந்தப்பாவிடம் போனது. அவரும் கோலார்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ், கோப்பில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ரொம்ப நல்ல மனுஷர். யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது, ஆம் என்றும் சொன்னது கிடையாது.

"இதுக்குப் போயி முகத்தத் தூக்கி வெச்சுக்கலாமாம்மா? ஒரு கோப்பு போட்டா ஆச்சு. நாளைக்கு வாங்க."

பேய் வீட்டுக்குள் வராமலிருக்கக் கதவில் "நாளே பா", அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைத்த ஊர் இது. படித்த பேய் மறுநாள் வந்து, மறுபடி படித்து, மறுபடி திரும்பிப் போகுமாம். அந்தப் பேய்க்கு அடுத்தபடியாக அந்த வாசகத்தை அத்தனை முறை கேட்டது பிரிஜெட்டாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். பெட்டி அங்கேயே, எரிகிற விளக்கோடு, 'அணைக்காதீர்' என்று மூன்று மொழியில் எழுதின அட்டையின் கீழே உட்கார்ந்திருந்தது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. சேவ் செய்வதானால் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். இயக்ககத்தின் விதிப்படி முதலில் துறையின் பெயர், பிறகு வருஷம், வார்டு எண், கோப்பு எண், கடைசியில் சத்தத்தின் பெயர். பெட்டியோ எட்டு எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது.

"எட்டுல துறைப் பேரே முடியலியே," என்று கோவிந்தப்பா கவலைப்பட்டார்.

"நாய்க்கு நாய்னு வெச்சுடலாம் சார்."

"வெறும் நாயா? அது யாரோட நாய்னு நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்கம்மா."

எழுத்துகளின் எண்ணிக்கையைப் பொதுநலன் கருதி உயர்த்தித் தருமாறு கீபோர்டு செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் போனது. அந்த மாடலை அவர்கள் நிறுத்தியே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா, மறுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யசோதா ஒரு குறிப்பு எழுதி, தங்கள் கனிவான பார்வைக்கு என்று மேலே அனுப்பினார்.

அதற்குள் துணைக்குழு கூடி ஒவ்வொரு சத்தமாகக் கேட்டது. பிரிஜெட் கட்டையை அமுக்க, குழு தலையைச் சாய்த்துக் கேட்டு, ஆட்சேபணை எழுதியது. குயில் வனத்துறைக்குச் சொந்தம், அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். விசில் போக்குவரத்துக் கழகத்தின் சொத்து. "பரல்லா" என்பது பொதுச் சேவை மறுப்பு, அதைச் சேமித்தால் சாட்சியமாகிவிடும். குக்கர் விசில் எந்தக் கம்பெனி குக்கர் என்று தெரிந்தால் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம், தெரியாவிட்டால் அடையாளம் தெரியாத பொருள்.

"கோயில் மணி நாலு விநாடி. சர்ச் மணி ஏழு விநாடி. இந்த மூணு விநாடி சலுகை எதுக்கு?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"சர்ச் மணி பெருசு சார். அடங்க நேரமாவும்."

"பெருசுன்னு எழுத முடியாதேம்மா," என்றார் கோவிந்தப்பா வருத்தத்தோடு. எல்லாச் சத்தத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்ட முடியுமா என்று கேட்டார்கள். வெட்டலாம், ஆனால் வெட்டினதைச் சேவ் பண்ண வேண்டும் என்றாள் பிரிஜெட். அப்படியானால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

நடுவில் ஒரு நாள் ஏரியா முழுக்க கரண்ட் போனது. நல்லவேளையாக ஆபீஸ் யூபிஎஸ் பெட்டியைத் தாங்கியது. அன்றிலிருந்து ஆபீஸே நடுங்கியது. பெட்டிக்கென்று தனி யூபிஎஸ் வந்தது. அது கெட்டுப்போனால்? இன்னொரு யூபிஎஸ் வந்தது. இரண்டையும் கவனிக்கத் தனக்கோடி என்ற காவலாளி நியமிக்கப்பட்டார். ஒரு மணிக்கு ஒருமுறை, 'பெட்டி எரிகிறது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனுஷர் அதை அவ்வளவு சிரத்தையாகச் செய்தார். கிட்டே போய் கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

"தனக்கோடிண்ணே, அஞ்சு நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்களேன். நான் பாத்துக்கறேன்," என்று பிரிஜெட் ஒரு நாள் நைசாகக் கேட்டாள். கைப்பையில் பென்டிரைவ் இருந்தது.

"நீங்க வந்தா ரெண்டு கண்ணும் உங்க மேலயே இருக்கணும்னு எழுத்துல குடுத்திருக்காங்க சிஸ்டர்," என்றார் அவர். "வேணும்னா உக்காருங்க. உங்க பெட்டிதானே, பாத்துட்டுப் போங்க."

சொந்தப் பெட்டியை ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வந்தாள். வரும்போது அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

அந்த வாரம் சித்தார்த் வந்தார். இரவும் பகலும் அணையாமல் இருக்கிற பெட்டியையும், அட்டையையும், காவலாளியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஓ மை காட், இது ஆல்வேஸ்-ஆன் ஆர்க்கைவ். உலகத்துலயே எங்கயும் இல்ல" என்றார். படம் எடுத்துப் போட்டார். மறுநாள் முதல் கறுப்புச் சட்டை போட்ட கலா ரசிகர்கள் கும்பல் கும்பலாக வந்து, கயிறு கட்டின தூரத்தில் நின்று, பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏதோ கேட்கிறது என்றார்கள். ஒன்றும் கேட்காது, கட்டையை அமுக்கினால்தான் கேட்கும் என்று பிரிஜெட் சொன்னதற்கு, ஒரு பெண்மணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிறகு ஆயுத பூஜை. கர்நாடகத்தில் சர்க்கார் ஆபீஸ் எதைக் கொண்டாடாவிட்டாலும் ஆயுத பூஜையைக் கொண்டாடும். வாசலில் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, எல்லாம் வந்தன. பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போக, நாய் குரைத்தது, லாரி பின்னால் வந்தது, குக்கர் கூவியது, "பரல்லா" என்றார் ஆட்டோக்காரர். அறுபத்தொன்றும் முடிகிறவரை ஊழியர்கள் கைகூப்பி நின்றார்கள். சத்தம் போட்டு ஆசீர்வாதம் பண்ணுகிற ஆயுதத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று யசோதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரிஜெட்டுக்குச் சந்தனத்தில் ஆட்சேபணை இல்லை. அது காய்ந்து கட்டைகளுக்கு நடுவில் இறங்குமே என்றுதான் வயிறு எரிந்தது.

ஏன் எரியாது? நவம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. கர்நாடக மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவம் வந்தால் பெங்களூரில் தெருவுக்குத் தெரு மேடை, மேடைக்கு மேடை ஆர்கெஸ்ட்ரா. வருஷம் பூராவும் வாசிக்கிறது ஒரு பக்கம், நவம்பர் ஒரு பக்கம். உமேஷ் கையில் பதினேழு புரோகிராம் இருந்தது. முதலாவது ஒன்றாம் தேதி, ஆஸ்டின் டவுன் மைதானத்தில்.

"சிஸ்டர், பெட்டி வந்துச்சா இல்லியா? எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்று உமேஷ் போன் பண்ணினார்.

"ஃபைல் மேல போயிருக்குது."

"அது ஒரு வார்த்தை இல்ல. ஆஷான்னு ஒரு பொண்ணு இருக்கா, லேப்டாப்ல வாசிக்கிறா. நவம்பர் மொத்தமும் வரேன்னு சொல்றா. பதினோரு வருஷமா நீங்க எங்கூட இருக்கீங்க, அதுக்காக ஒண்ணாம் தேதி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். பெட்டியோட வந்தா உங்க சீட்டு உங்களுது. வரலன்னா என்னத் தப்பா நெனச்சுக்காதீங்க."

வேறு பெட்டி இரவல் வாங்கலாம்தான். நவம்பரில் யார் கொடுப்பார்கள்? நாலு பேரைக் கேட்டாள், நாலு பேரும் அவர்களுடைய புரோகிராம் லிஸ்டைப் படித்துக் காட்டினார்கள். பதினோரு வருஷம் உட்கார்ந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்காருவதை நினைத்தால் பிரிஜெட்டுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். 'என்னுடைய கீபோர்டை எனக்குத் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' பணிவுடன் என்ற வார்த்தையை எழுதும்போது பேனா நிப்பே வளைந்தது.

அதிசயம், பதில் வந்தது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, சீல் வைத்து. 'பார்வையில் காணும் மனுவின் மீது கூர்ந்து பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கருவி மனுதாரருக்குச் சொந்தமானது என்பது ஏற்கப்படுகிறது. கருவியினுள் உள்ள ஒலிகள் மனுதாரருக்குச் சொந்தமானவை அல்ல என்பதும் ஏற்கப்படுகிறது. ஆகவே கருவியை, ஒலிகளுக்கு எவ்வித இடையூறும் நேராவண்ணம், ஓடும் நிலையிலேயே, காவலர் துணையுடன் எடுத்துச் செல்ல அனுமதி வழங்கப்படுகிறது.'

"ஓடும் நிலையிலன்னா?" என்று கேட்டாள்.

"ஆஃப் பண்ணாம எடுத்துட்டுப் போங்க," என்றார் யசோதா. "நாங்க என்ன தடுத்தா வெச்சிருக்கோம்?"

எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றாம் தேதி மத்தியானம் ஒரு லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் கீபோர்டு, அதற்குக் கீழே மெத்தை, பக்கத்தில் இரண்டு யூபிஎஸ், அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனக்கோடி, தனக்கோடி மடியில் பதிவேடு. பள்ளம் வந்தபோதெல்லாம் பிரிஜெட் இயேசுவைக் கூப்பிட்டாள், தனக்கோடி முனீஸ்வரனைக் கூப்பிட்டார், யாரோ ஒருவர் கவனித்திருக்க வேண்டும். விளக்கு அணையாமல் ஆஸ்டின் டவுன் வந்து சேர்ந்தார்கள். வழியில் ஒரு யூபிஎஸ் மட்டும் உயிரை விட்டது. அதற்கும் பதிவேட்டில் நேரம் குறிக்கப்பட்டது.

மைதானம் முழுக்க சிவப்பும் மஞ்சளும் கொடி. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. உமேஷ் மேடையில் ஏறின பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்து, ஸ்பீக்கர் ஒயரைச் சொருகி, சரியாக இருக்கிறதா என்று நடுக்கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். "பரல்லா" என்று மைதானமே அதிர்ந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சிஸ்டர் இது? பியானோ வைங்க."

"வைக்க முடியாது. பெட்டி இருக்கற நிலை மாறக் கூடாதாம்," என்றாள் பிரிஜெட். "எடுத்துக்கினு போகத்தான் அனுமதி. வாசிக்க இல்ல."

"வாசிக்க முடியாத பெட்டிய மேடையில வெச்சுட்டு நான் என்ன, பூஜையா பண்றது?"

"அது முடிஞ்சுடுச்சு," என்றார் தனக்கோடி.

உமேஷ் வாட்சைப் பார்த்தார். ஐந்தே முக்கால். ஆஷாவுக்குப் போன் போட கையை பாக்கெட்டுக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து மைதானத்து வாசலில் சர்க்கார் கார் ஒன்று வந்து நின்றது. கோவிந்தப்பா இறங்கினார், பின்னாலேயே யசோதா, கையில் சிவப்பு நாடா கட்டின கோப்பு. சேவ் பண்ணும் கோப்புக்கு அன்று காலைதான் மேலொப்பம் கிடைத்ததாம். திறப்பு விழா ஒத்திப்போடப்பட்டுவிட்டதால், கோப்பை நிறுத்திவைக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது.

"விடுமுறை நாள்னு கூடப் பாக்காம வந்திருக்கோம்மா," என்றார் கோவிந்தப்பா மூச்சு வாங்க. யசோதா உறையைப் பிரித்து, வைரஸ் இல்லை என்று சான்று பெற்ற பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். பிரிஜெட் வாங்கினாள். சொருகினாள். இருபத்து நாலு நாளாகக் கனவில் கூட அமுக்கிக்கொண்டிருந்த அந்தச் சேவ் பட்டனை அமுக்கினாள்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. 'நிச்சயமாகத்தானா? ஆம். இல்லை.'

எல்லோரும் குனிந்து திரையைப் படித்தார்கள்.

"இது யார் கேக்கறது?" என்றார் கோவிந்தப்பா.

"பெட்டி கேக்குது சார். எப்பவும் கேக்கும். ஆம்னு அமுக்கணும்."

யசோதா கோப்பைப் புரட்டினார். "ஆர்டர்ல சேவ் பட்டன்னு மட்டும்தான் சார் இருக்கு. ஆம் பட்டனப் பத்தி ஒண்ணும் இல்ல."

"நிச்சயம்னு நாம உறுதி குடுத்துட்டு, நாளைக்கு நிச்சயமில்லன்னு ஆடிட்ல வந்துச்சுன்னா?" கோவிந்தப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். விடுமுறை, அவர் எடுக்கவில்லை. ஜனங்கள் விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த ஒரே யூபிஎஸ் 'பீப், பீப்' என்று முனகத் தொடங்கியது.

"மேடையில எத்தனையோ பிளக் இருக்கே, அதுல சொருகுங்களேன்," என்றார் உமேஷ்.

"அந்தக் கரண்டு நம்ம துறைக்கு ஒதுக்கின கரண்டு இல்லியே," என்றார் யசோதா.

கோவிந்தப்பா நாலு பக்கமும் பார்த்தார். பிறகு பிரிஜெட் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பிரிஜெட்டம்மா, நீங்களே அமுக்கிடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றார். சொன்னபடியே திரும்பிக்கொண்டார். யசோதா திரும்பிக்கொண்டார். எழுத்தில் கொடுத்திருந்ததையும் மீறித் தனக்கோடி கூடத் திரும்பிக்கொண்டார்.

பிரிஜெட்டின் விரல் ஆம் பட்டனுக்கு மேலே நின்றது. ஒரு அமுக்கு. தடுக்க ஆள் இல்லை. அமுக்கியிருப்பாள், இருபத்து நாலு நாளைக்கு முந்தின பிரிஜெட்டாக இருந்தால். நாளைக்கு ஏதாவது ஆனால்? யார் அமுக்கினது என்று கேட்டால்? இவர்கள் மூன்று பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம் என்பார்கள், அது உண்மையும் கூட. விரல் தானாகப் பின்னால் வந்தது.

"சார்," என்றாள். "எழுத்துல குடுங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. கோவிந்தப்பா திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. படிக்கவைத்த பெண் பட்டம் வாங்கின அன்று தகப்பன் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

யசோதா பேனாவைத் திறந்து, 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று எழுத ஆரம்பித்தார். 'தொடர்பாக' முடியவில்லை. யூபிஎஸ் நீளமாக ஒரு பீப் அடித்து ஓய்ந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

தனக்கோடி கிட்டே போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து நேரம் எழுதினார்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கோவிந்தப்பா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். சேமிக்க ஒன்றும் இல்லாதபோது, சேமிக்கலாமா என்ற கேள்வியும் இல்லை, கோப்பை முடித்துவிடலாம். யசோதா எழுதின தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் மளமளவென்று எழுதினார். அவர் அத்தனை வேகமாக எழுதி பிரிஜெட் பார்த்ததே இல்லை. பிரிஜெட்டுக்கும் தோளில் இருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. அந்தத் தகரக் கூரை மழை போய்விட்டதே என்று ஞாபகம் வந்தது அதற்கப்புறம்தான், அப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க. பெட்டி உங்களுது," என்று யசோதா தாளை நீட்டினார்.

'மேற்படி அறுபத்தொரு ஒலிகளும், எவ்விதச் சேதமும் இன்றி, அவற்றின் உரிமையாளர்களான பொதுமக்களிடமே இன்று மாலை ஆஸ்டின் டவுன் மைதானத்தில் நேரில் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். பொதுமக்கள் சார்பாக,' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தது.

பிரிஜெட் இரண்டு தரம் படித்தாள். ஆயிரம் பேர் கைதட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது. "போடுங்க சிஸ்டர், நேரமாவுது," என்றார் உமேஷ். போட்டாள். சாட்சியாக உமேஷும் போட்டார். பிறகு மேடைக் கரண்டில் பெட்டியைச் சொருகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தன்னுடைய பென்டிரைவைப் போட்டு, பியானோவை எடுத்து, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அவள் வாசித்த மாதிரி பதினோரு வருஷத்தில் வாசித்ததில்லை என்று உமேஷே சொன்னார். முதல் வரிசையில் கோவிந்தப்பா தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, அந்த அறுபத்தொரு சத்தங்களும் இப்போது உங்களிடமும் என்னிடமும்தான் இருக்கின்றன. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் இருக்கிறது. குயில் கூவுவதே இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று இனிமேல் யாராவது மனு கொடுத்தால், மனுதாரர் தமது காதைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவார்.